பத்து டொலர்க்காரரின் பக்கம்

ரொறொன்ரோவில் லோரன்ஸ் வீதியில் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஜனவரி மாதம், பிற்பகல் இரண்டரை மணி. வீதியோரம் ஒதுக்கிய பனி உப்போடு கலந்து சாம்பல் நிறக் கூழாகக் கிடந்தது. சப்பாத்துக்குள் ஈரம் ஏறிவிட்டது. பேர்ச்மவுண்ட் சந்தியில் பஸ் என்னைக் கடந்து போனது. கை காட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு வருகிறவன் பஸ் காசையும் யோசிக்க வேண்டும். மல்வேர்ன் வரைக்கும் நடக்க மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மல்வேர்னில் நவரத்தினம் என்றொரு பெரியவர் இருந்தார். அவருடைய மகன் இறந்துவிட்டான். மகன் பட்ட கடனை அவர் ஏழு மாதமாகக் கடன் அறவிடும் எங்கள் அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தார். கொழும்பில் இருக்கும் மனைவியைக் கூப்பிடச் சேர்த்த காசு அது. சட்டப்படி அவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், முதல் நாளே தெரியும். அதைச் சொல்லத்தான் போனேன்.

இதெல்லாம் தொண்ணூறுகளில். நான் ஓய்வுபெற்றே பல வருடமாகிறது. தங்கையின் மருமகன் கடன் அறவிடும் கம்பனி ஒன்றில் கணினிப் பிரிவில் இருக்கிறார். இப்போது கடன்காரரைக் கூப்பிடுவது இயந்திரமாம். ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். பெண் குரல், பிசகில்லாத தமிழ். "உங்கடை காலத்திலை ஆக்கள்தானே அங்கிள் கதைச்சவை? எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடிய பதிலாக அது இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்பு எனக்கு ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. கிரேக்கக் கப்பலொன்றில் நான்கு வருடம் இயந்திர அறையில் எண்ணெய் துடைத்தேன். இங்கிலிஷ் அங்கேதான் பிடிபட்டது. பிறகு பஹ்ரேன், ஹம்பேர்க், ரொறொன்ரோ. இங்கே கோப்பை கழுவினேன், பேப்பர் போட்டேன், பள்ளிக்கூடத் தரைகளுக்கு மெழுகு பூசினேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. வெக்ஸ்போர்ட்டில் கம்பளக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கடன் அலுவலகத்தில்தான் இரண்டரை வருடம் நின்றேன். காரணம் கதிரை. உட்கார்ந்து செய்யும் வேலை எனக்கு அதுவே முதல் தடவை.

மேலாளர் பெயர் டொனலி. பஃபலோவில் பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியாராக இருந்தவர். ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். காலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தன்னுடைய ரிசீவரைத் துடைத்துவிட்டு, எங்களுடையதையும் ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். தொலைபேசி வேலை தொடங்க முன்னர் கால் மணித்தியாலம் வகுப்பு எடுப்பார். அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு அமெரிக்கத் தாள்கள் இருந்தன. ஒன்று பத்து டொலர், மற்றது இரண்டு டொலர். இரண்டிலும் ஒவ்வொரு பழைய தலைவரின் முகம். டொனலி அவர்களைப் பெயர் சொல்லித்தான் பேசுவார். எங்களுக்குள் அவர்கள் பத்து டொலர்க்காரர், இரண்டு டொலர்க்காரர்.

வகுப்பு எப்போதும் ஒரே கதைதான். அமெரிக்கா சண்டை பிடித்து விடுதலை வாங்கியபோது சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இருக்கவில்லை. பிறகு தருவோம் என்று எழுதித் தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். சிப்பாய் வீட்டுக்குப் போனான். வீட்டில் பசி. தாளை நகரத்து வியாபாரிக்கு டொலருக்குச் சில சதம் என்று விற்றான். பத்து டொலர்க்காரர் புது நாட்டின் முதல் நிதி மந்திரி. தாளில் உள்ளதை முழுதாகக் கொடுப்போம், ஆனால் இன்றைக்கு அது யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் என்று அவர் நின்றார். மாநிலங்களின் போர்க்கடனையும் நாடே ஏற்க வேண்டும் என்றார். ஒழுங்காகக் கட்டப்படுகிற கடன் நாட்டை ஒன்றாகப் பிடித்து வைக்கும், கடன் கொடுத்தவன் நாடு விழ விடமாட்டான் என்பது அவருடைய கணக்கு. சிப்பாய்க்கும் ஒரு பங்கு போகட்டும் என்று அவருடைய பழைய கூட்டாளியே சபையில் எழும்பிக் கேட்டுத் தோற்றார்.

இரண்டு டொலர்க்காரர் வேறு மாதிரி. பிறகு ஜனாதிபதியாக வந்தவர். பூமி உயிரோடு இருக்கிறவர்களுக்கு உரியது, செத்தவர்கள் பட்ட கடன் பிறகு வருகிறவர்களின் காலைக் கட்டக்கூடாது என்பது அவருடைய எண்ணம். ஒரு தலைமுறைக்குப் பத்தொன்பது வருடம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தார். ஆனால் அவரும் ஒரு விருந்தில் இறங்கி வந்தார். தலைநகரம் தெற்குப் பக்கம் வரட்டும், மாநிலக் கடனுக்கு நான் தடையில்லை என்று விட்டுக்கொடுத்தார். பிறகு அதற்காக வருத்தப்பட்டாராம்.

"நாங்கள் யாருடைய பக்கம்?" என்று கடைசியில் டொனலி கேட்பார்.

"பத்து டொலர்!" என்று நாங்கள் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலே அதுதான். கடைகள் கைவிட்ட கடன்களை டொலருக்குச் சில சதம் கொடுத்து வாங்குவோம். தாள் எங்கள் கையில். முழுத்தொகையும் கேட்போம்.

எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் விட்டதைச் சம்பளத்தோடு படிக்கிறேன் என்ற நினைப்பு. பக்கத்து மேசை நஸீருக்குப் பிடிக்காது. மூதூர் ஆள், என்னைப்போல் அவனையும் தமிழ்ப் பெயர்களைக் கூப்பிடத்தான் வைத்திருந்தார்கள்.

"மச்சான், அந்தச் சிப்பாய் எங்கட ஊரான் போல. பேப்பரையும் வாங்கி, பசியில அதயும் வித்துப்போட்டான்" என்பான்.

ஒருநாள் நான் இரண்டு டொலர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்றேன். நஸீர் தலையை ஆட்டினான்.

"எங்கட ஆக்கள்ட வாப்பா மவுத்தாகினா, மையித்த அடக்க எடுக்க முந்திக் கேப்பாங்க. இவர் ஆருக்கும் கடன் குடுக்க இரிக்கா, இருந்தா என்னட்ட வாங்க எண்டு மகன் எழும்பிச் சொல்லுவான். ஒன்ட ரெண்டு டொலர் ஆள் எங்கட பள்ளிவாசலுக்கு வரேலாது."

தொழிலின் முறை மூன்று படி. முதலில் பெயரை உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது தொகையைச் சொல்ல வேண்டும், சதம் வரைக்கும். மூன்றாவது, எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவதைத்தான் டொனலி மாதக் கணக்காகப் பழக்கினார். மௌனம் வந்தால் மனிதன் அதை நிரப்பப் பார்ப்பான். முதலில் பேசுகிறவன் கட்டுவான். நாங்கள் மேசையில் விரலால் தட்டவும் கூடாது. அது மற்றப் பக்கம் கேட்கும்.

முதற் படியில்தான் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஆட்களிடம் தோற்றார்கள். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு கடைசிப் பெயர், மகனுக்கு இன்னொன்று. யாரை எங்கே தேடுவது? நான்தான் டொனலிக்கு விளக்கினேன். மகனுடைய கடைசிப் பெயர் தகப்பனுடைய சொந்தப் பெயர். மகன் அகப்படாவிட்டால் அதே பெயருள்ள கிழவரைத் தேடுங்கள். டொனலி அதை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அந்த மாதம் எனக்கு நூறு டொலர் மேலதிகமாகக் கிடைத்தது.

சுதன் நவரத்தினம் என்ற பெயரில் வந்த ஃபைல் ஒரு தளபாடக் கடையினுடையது. சோபா, கட்டில், மெத்தை, தொலைக்காட்சி. வட்டியோடு இரண்டாயிரத்து முந்நூறு டொலர். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அட்டையில் உள்ளபடி கிழவரைத் தேடினேன். மல்வேர்னில் அகப்பட்டார்.

"மிஸ்டர் எஸ். நவரத்தினமோ?"

"ஓம், எஸ். நவரத்தினம்தான். சங்கரப்பிள்ளை நவரத்தினம். தமிழோ நீர்? எவடம் தம்பி?"

சங்கரப்பிள்ளைக்கும் எஸ், சுதனுக்கும் எஸ். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக் கையெழுத்து வைப்பது ஊர்ப் பழக்கம். கனடாக் கடதாசிகளில் அவர் பெயர் நவரத்தினம் சங்கரப்பிள்ளை என்று திரும்பி இருந்தது. கேட்டால் அவர் சொல்வது இதைத்தான்.

"ஒரு தளபாடக் கடைக் கணக்கு ஐயா."

"அது சுதன் எடுத்தது. நாங்கள் வாறமெண்டு வாங்கிப் போட்டவன். அவன் இல்லைத் தம்பி. ஐப்பசியிலை நானூற்றொண்டு ஹைவேயிலை கார் பிரண்டு போட்டான்."

அந்த இடத்தில் எங்கள் முறை மிகவும் தெளிவானது. 'இறந்தவர்' என்று பதிய வேண்டும். சொத்து ஏதும் விட்டுப் போனாரா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அனுதாபம் சொல்லி ஃபைலை மூட வேண்டும். நான் மூடவில்லை. மாதக் கடைசி, என் இலக்குக்கு எண்ணூறு டொலர் குறைந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

"எவ்வளவு தம்பி?" என்று அவராகக் கேட்டார். சதம் வரைக்கும் சொன்னேன்.

"ஒண்டு கேக்கட்டோ. மனுசிக்கு ஸ்பொன்சர் போட்டிருக்கிறன். வெள்ளவத்தையிலை லொட்ஜிலை தனிய இருக்கிறா. நான் முந்தி வந்தனான், அவவுக்கு மகன் போட்டது அவனோடை போச்சு. இப்ப நான் திரும்பப் போட்டிருக்கிறன். இந்தக் கடனாலை அதுக்கு இடைஞ்சல் ஏதும் வருமோ?"

வராது. ஒரு சொல்தான். நான் சொல்லவில்லை. மூன்றாம் படி பழகிய வாய் தானாக மூடிக்கொண்டது. அவருடைய பக்கம் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது.

"மாசம் நூற்றைம்பது கட்டினாக் காணுமோ?" என்றார்.

'எஸ். நவரத்தினத்துடன் பேசினேன். கடனை ஒப்புக்கொண்டார். மாதம் 150' என்று பதிந்தேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. அவருக்கு அனுப்பிய ஒப்புதல் கடிதத்தில் எஸ். நவரத்தினம் என்று கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்.

ஏழு மாதம் ஒன்றாந் திகதிக்கு முன்னர் காசுக்கட்டளை வந்தது. மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. மனைவியின் விஸாவுக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். ஒரு மாதத்துக்குள் கட்டணம் கட்டவேண்டும், தவறினால் மனுவை மூடிவிடுவார்களாம். இரண்டு மாதம் தவணை தரும்படி கேட்டிருந்தார். டொனலி வாசித்துவிட்டு, "கையில் காசு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்" என்றார். ஏழு நாளுக்குள் முழுத்தொகையும் கட்டவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று எங்களிடம் ஓர் அச்சுக் கடிதம் இருந்தது. ஜனவரி முதல் வாரம் அதை அனுப்பினோம். கீழே என் கையெழுத்து.

ஏழாம் நாள் வகுப்பில் டொனலி வழக்கம்போல், "நாங்கள் யாருடைய பக்கம்?" என்றார்.

"இரண்டு டொலர்" என்றேன்.

நஸீர் மேசைக்குக் கீழால் என் காலை மிதித்தான். டொனலி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். தோடம்பழம் ஒன்றைத் தோல் அறாமல் சுழற்றி உரித்துக்கொண்டிருந்தார். ஃபைலை முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இது தகப்பன், மகன் செத்துவிட்டான், எனக்கு முதலே தெரியும் என்று.

"கணக்கு எஸ். நவரத்தினம். கையெழுத்து எஸ். நவரத்தினம்" என்றார்.

"அது இரண்டு பேர்."

"உங்கள் பெயர்கள் எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லித்தந்ததுதான் தெரியும்." சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். "இதை மூடினால் வாங்கியதைத் திருப்ப வேண்டும். திருப்பினால் இந்த அட்டையால் வந்த மற்ற ஃபைல்களையும் திறந்து பார்க்க வேண்டும். எத்தனை என்று உனக்குத் தெரியுமா?"

தெரியும். நான் அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

ஒரு சுளையை எனக்கு நீட்டினார். "உன்னுடைய இரண்டு டொலர்க்காரர் எப்படிச் செத்தார் தெரியுமா? கழுத்து வரைக்கும் கடனில். பிள்ளைகளால் கட்ட முடியவில்லை. அவர் வீட்டில் அடிமையாக வைத்திருந்த மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக ஏலம் போட்டு விற்றார்கள். செத்தவனின் கடன் யாரையும் கட்டாது என்று எழுதிய மனிதர். எழுதுவது சுலபம். நாலாம் லைனில் ஆள் காத்திருக்கிறார், போ."

நாலாம் லைனை எடுக்காமல் கோட்டை எடுத்தேன். படியில் நஸீர் பின்னால் ஓடிவந்தான்.

"மச்சான், பைத்தியமா? வெள்ளிக்கிழமை சம்பளம்டா."

"நீ வாங்கித் தா."

"ஒனக்கு எங்க தரப்போறாங்க." நின்றான். பிறகு மெதுவாக, "நானும் ஆறு வாப்பாமார்ட்ட காசு எடுத்தன். அந்த அட்டயப் பாத்து" என்றான். திரும்பி மேலே ஏறிப் போனான்.

மல்வேர்னுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. பதினோராம் மாடி. நவரத்தினம் கதவைத் திறந்தார். நினைத்ததைவிட உயரமான மனிதர், வேலை உடுப்போடு இருந்தார். விரல் நகங்களைச் சுற்றிக் கறுப்பு மண். என் குரலைக் கேட்டதும், "நீரோ?" என்றார். பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றாத சோபாவில் இருத்தினார். எங்கள் ஃபைலில் இருந்த சோபா.

நடந்தபோது ஒழுங்குபடுத்திய எதுவும் உதவவில்லை. நேரே சொன்னேன்.

"ஐயா, நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. மகன்ரை கடன் மகனோடை முடிஞ்சுது. இந்த நாட்டுச் சட்டம் அப்பிடித்தான். இனிக் கட்டாதேங்கோ. விஸாக் காசைக் கட்டுங்கோ."

அவர் தொலைக்காட்சிக்கு மேலே இருந்த ஒரு துண்டை எடுத்து என்னிடம் தந்தார். காசுக்கட்டளையின் அடிக்கட்டை. ஆயிரத்து இருநூற்றைம்பது டொலர். அன்றைய திகதி.

"வேலையாலை வந்த கையோடை தபால் கந்தோரிலை எடுத்து அங்கையே போட்டாச்சு. ஏழு நாள் எண்டு எழுதியிருந்தியளே" என்றார்.

சட்ட உதவி அலுவலகத்துக்குப் போவோம், எழுதிக் கேட்டுத் திருப்பி எடுக்கலாம் என்றேன்.

"எடுக்கலாம். எத்தினை மாசம்?"

"தெரியாது."

"விஸாக் காசுக்கு இன்னும் ஒம்பது நாள்."

சிறிது நேரம் சோபாவின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் உம்மட்டைக் கேட்டனான். ஸ்பொன்சருக்கு இடைஞ்சலோ எண்டு."

"ஓம் ஐயா."

"நீர் ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம். சொல்லேல்லை."

"லைன் அறுந்துபோச்சோ எண்டு நினைச்சன்" என்றார். அடுப்படிக்குப் போய்க் கையைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அழவில்லை. கடைக்காரனிடம் விலை கேட்கிற முகம்.

"நான் கட்டினதிலை உமக்குப் பங்கு வந்ததோ?"

"வந்தது. நூற்றைஞ்சு டொலர்."

"கையிலை இருக்கோ?"

"இல்லை ஐயா. செலவழிஞ்சு போச்சு."

"இப்ப வேலையும் இல்லை."

"இல்லை."

"காலமை ஐஞ்சரைக்குக் கீழை வான் வரும். ஸ்ரௌவ்விலுக்கு அங்காலை காளான் பண்ணை. ஒரு ஆள் குறையுது. பிந்தினா நிக்கமாட்டாங்கள்."

தேத்தண்ணி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்தேகாலுக்கே கீழே நின்றேன். வானில் பதினொரு பேர். பண்ணையில் ஜன்னலில்லாத நீண்ட அறைகள். ஐந்து தட்டாக அடுக்கிய பாத்திகள், எரு மணம், தலையில் கட்டிய சின்ன விளக்கு. வளைந்த கத்தி ஒன்று தந்தார்கள். காளானைத் திருகி எடுத்து, மண் ஒட்டிய காம்பை வெட்டி, பெட்டியில் தலை மேலாக வைக்க வேண்டும். நசிந்தால் எறிந்துவிடுவார்கள். பெட்டிக்கு ஒரு டொலர். மேல் தட்டுக்கு ஏணியில் ஏற வேண்டும். புது ஆளுக்கு மேல் தட்டு.

மாலை நாலு மணிக்கு என் தள்ளுவண்டியில் முப்பத்தொரு பெட்டி இருந்தது. மேற்பார்வைக்காரி எண்ண வருவதற்கு முன்னர், அத்தனையையும் தூக்கி நவரத்தினத்தாரின் வண்டியில் அடுக்கினேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து என் வண்டியில் திருப்பி வைத்தார். இரண்டை மட்டும் தன் பக்கம் விட்டார்.

"உம்மடை பிச்சை எனக்கு வேண்டாம்" என்றார். "நாளுக்கு ரண்டு பெட்டி. நூற்றைஞ்சு. நாளையான் ரண்டும் நசியாமல் இருக்கவேணும். பங்குனிக்குள்ளை முடியும்."

"சரி ஐயா" என்றேன்.

மேற்பார்வைக்காரி வந்து என் வண்டியை எண்ணினாள். இருபத்தொன்பது என்று எழுதினாள்.